கொழுப்பு படிந்த ஈரலில் புற்றுநோய்ப் பரவலைத் தேடுதல்: குமிழி மருந்து ஸ்கானுக்கான முழுமையான வழிகாட்டி

மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, இரண்டு ஆண்டுகளாகத் தமொக்சிபன் மாத்திரை எடுத்துவரும் ஒரு தாய், யாழ்ப்பாணத்தின் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையின் கிளினிக்கிற்கு ஸ்கான் அறிக்கையொன்றுடன் வருகிறார் என வைத்துக்கொள்வோம். அறிக்கையில் இரண்டு வரிகள் இருக்கின்றன. ஈரலில் இரண்டாம் தர (மிதமான) கொழுப்புப் படிவு உள்ளது என்பது முதல் வரி. ஈரலில் கட்டி எதுவும் தென்படவில்லை என்பது அடுத்த வரி. நெரிசல் மிகுந்த காலை நேரத்தில் இரண்டாவது வரியைப் படித்துவிட்டு வைத்தியரும் நோயாளியும் ஆறுதல் அடைகின்றனர். ஆனால் முதல் வரி உண்மையாக இருக்கும்போது இரண்டாவது வரியை அப்படியே நம்பிவிட முடியாது. கொழுப்பு படிந்த ஈரலில் கட்டி தென்படாமல் போவதற்குக் கட்டி இல்லாமை ஒரு காரணம்; கொழுப்பே கட்டியை மூடி மறைத்துவிடுவது இன்னொரு காரணம். இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குக் குமிழி மருந்து ஏற்றிச் செய்யப்படும் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் எவ்வாறு உதவுகிறது, அதை எவ்வாறு முறையாகச் செய்வது, எந்த இடங்களில் அது நம்மை ஏமாற்றும் என்பவற்றை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கதிரியல் பயிலும் இளம் வைத்தியர்களையும் ஸ்கான் அறையில் உதவும் தாதியரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். எனினும் தாயின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பொருள் விளங்காமல் தவிக்கும் பிள்ளைகளும் படித்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, அதற்கென நூல்களையும் ஆக்கிய மண் இது. இன்றைய ஸ்கானையும் தமிழில் விளக்க முடியும் என்றே நம்புகிறேன்.

கொழுப்பு ஏன் மறைக்கிறது

ஒலி அலை இழையத்தினூடாகச் செல்லும்போது படிப்படியாக வலுவிழக்கிறது. கொழுப்பில்லாத ஈரலில் இந்த இழப்பு ஒரு மெகாஹேர்ட்ஸிற்கு, ஒரு சென்ரிமீற்றருக்குச் சுமார் 0.5 டெசிபெல் ஆகும். கொழுப்பு மிகுந்த ஈரலில் இது 0.8 அளவுக்கு ஏறிவிடும். வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் 3 மெகாஹேர்ட்ஸ் அலை 12 சென்ரிமீற்றர் ஆழம் சென்று திரும்பி வருவதைக் கணக்கிட்டால், முதலாவது ஈரலில் 36 டெசிபெல்லும் இரண்டாவதில் 58 டெசிபெல் அளவிலும் இழப்பு ஏற்படுகிறது. 20 டெசிபெல் என்பது நூறு மடங்கு வலுக் குறைவு. ஆகவேதான் கொழுப்பு ஈரலின் மேற்பகுதி பளிச்சென்று வெளுத்தும், பின்பகுதியும் உதரவிதானமும் இருளில் மங்கியும் தெரிகின்றன.

இரண்டாவது சிக்கல் நிறம் சார்ந்தது. சாதாரண ஈரலைவிட வெளிறித் தெரியவேண்டிய கட்டி, ஈரலே வெளிறிவிட்ட நிலையில் அதனோடு கலந்து கரைந்துவிடுகிறது. அல்லது கறுத்துத் தோன்றுகிறது. தீங்கற்ற இரத்தநாளக் கட்டியான ஹீமான்ஜியோமா பொதுவாக வெள்ளையாகத் தெரியும் என்று படித்தவர், கொழுப்பு ஈரலில் அதைக் கறுப்பாகக் கண்டு பரவல் என்று பதறுவதும், உண்மையான பரவலைக் காணாமலே விடுவதும் இதனால்தான் நிகழ்கின்றன.

சி.ரி. ஸ்கானும் இந்தச் சிக்கலிலிருந்து முற்றாகத் தப்புவதில்லை. மருந்து ஏற்றாத சி.ரி. படத்தில் நல்ல ஈரலின் அடர்த்தி ஏறத்தாழ 50 முதல் 65 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுகளாக இருக்கும். கொழுப்பு மிகும்போது அது 40இற்குக் கீழே இறங்கிவிடும். குருதியோட்டம் குறைந்த பரவல் கட்டி, மருந்து ஏற்றிய பின் சாதாரண ஈரலில் கருமையாகத் தெரியவேண்டும். ஆனால் கொழுப்பினால் ஈரலும் கருமையடைந்திருப்பதால் இரண்டும் ஒரே சாயலில் அமைந்து, கட்டி கண்ணில் படாமல் போகலாம்.

இதில் மனத்தை உறுத்துவது என்னவென்றால், யாருடைய ஈரலை நாம் அதிகம் கவனிக்கவேண்டுமோ அவர்களுக்கே கொழுப்பும் அதிகம் படிகிறது. தமொக்சிபன் எடுக்கும் பெண்களில் கணிசமானோருக்கு ஈரல் கொழுப்பு உண்டாகிறது. பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் 5-புளோரோயுராசில், இரினோடெக்கான் ஆகிய மருந்துகளும் ஈரலில் கொழுப்பையும் அழற்சியையும் ஏற்படுத்துகின்றன. இவற்றுடன் நமது ஊரில் வீட்டுக்கு வீடு காணப்படும் சலரோகமும் வயிற்றுப் பருமனும் சேர்ந்துகொள்கின்றன.

குமிழி மருந்து என்ன செய்கிறது

அதிகம் வழங்கும் மருந்து சோனோவியூ ஆகும். கந்தக ஹெக்சாபுளோரைட் என்னும் மந்த வாயுவைப் பொஸ்போலிப்பிட் என்ற மெல்லிய உறையினுள் அடைத்த நுண்குமிழிகளே அதன் உள்ளடக்கம். குமிழியின் சராசரி விட்டம் 2.5 மைக்ரோமீற்றர். செங்குருதிக் கலம் ஏறத்தாழ 7 மைக்ரோமீற்றர் என்பதால், குமிழிகள் நுரையீரலின் மிகச் சிறிய குருதிக் குழாய்களையும் எளிதாகக் கடந்து ஈரலை அடைகின்றன. ஐரோப்பாவில் இம்மருந்து 2001இல் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் லுமாசன் என்ற பெயரில் ஈரல் பரிசோதனைக்கு 2016இல் அனுமதிக்கப்பட்டது. யப்பானில் 2007 முதல் புழங்கும் சொனசொயிட் வேறு வகை: அதன் குமிழிகளை ஈரலின் குப்ஃபர் கலங்கள் விழுங்கிக்கொள்வதால், பத்து நிமிடங்களுக்குப் பின்னரும் ஈரல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். இங்கு எழுதும் நேரக் கணக்குகள் யாவும் சோனோவியூ வகைக்கு உரியவை.

சி.ரி. மருந்து குருதிக் குழாயிலிருந்து கசிந்து இழையத்தினுள் பரவும். குமிழியோ குழாயை விட்டு வெளியேறுவதில்லை. எனவே திரையில் ஒளிர்வது குருதி மட்டுமே. நல்ல ஈரலுக்கு வரும் குருதியில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் ஈரல் வாயினாளத்தின் வழியாகவும், எஞ்சியது இதயத்திலிருந்து வரும் ஈரல் நாடி வழியாகவும் வருகிறது. பரவல் கட்டிக்கு நாடிக் குருதி மட்டுமே. வாயினாளத்தின் பங்கு அதற்கு இல்லை. ஈரலின் சிறு குழாய்களில் குமிழிகள் தங்கித் தங்கிச் செல்வதுபோல் கட்டியினுள் தங்குவதுமில்லை. இதன் விளைவாக முதலில் நாடி வழியாக ஒளிர்ந்த கட்டி விரைவில் குமிழிகளை இழந்துவிட, சுற்றியுள்ள ஈரல் நிமிடக்கணக்கில் ஒளிர்ந்துகொண்டிருக்கும். வெளிச்சமான ஈரலில் ஆணியால் துளைத்தது போன்ற கறுப்புப் புள்ளிகளாகப் பரவல் கட்டிகள் அப்போது வெளிப்படுகின்றன. துறைக்குள் வொஷ் அவுட் எனப்படும் இந்நிகழ்வை இங்கு வடிதல் என்றே குறிப்பிடுகிறேன். தேடல் முழுவதும் இந்த வடிதலை நம்பியே நிற்கிறது.

முதலாவது படி: யாருக்கு, எப்போது

கொழுப்பு ஈரல் உள்ள எல்லோருக்கும் இந்த ஸ்கான் தேவையில்லை. ஈரலுக்குப் பரவக்கூடிய புற்றுநோய் ஒன்று ஏற்கெனவே உறுதிப்பட்டிருக்கவேண்டும். அத்துடன் சாதாரண ஸ்கானிலோ சி.ரி.யிலோ விடை தெளிவில்லாமல் இருக்கவேண்டும். சீ.ஈ.ஏ. போன்ற, புற்றுநோயைச் சுட்டும் குருதிக் குறியீடு ஏறிக்கொண்டே போக, ஸ்கானில் எதுவும் தென்படாத நிலையும் இதற்குப் பொருத்தமானது. சிறுநீரகம் பழுதடைந்ததால் சி.ரி.க்கான அயடீன் மருந்து கொடுக்கத் தயங்கும் நோயாளிக்கு இது பெரும் வாய்ப்பு. ஏனெனில் குமிழியின் வாயு மூச்சுடன் வெளியேறுகிறது, சிறுநீரகத்திற்கு அதில் வேலையே இல்லை. கிரியற்றினின் பரிசோதனைக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

இம்மருந்துக்கு முன்னர் ஒவ்வாமை வந்தவருக்கு இதைக் கொடுக்கக்கூடாது. பொலிஎதிலீன் கிளைக்கோலுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கும் கூடாது. குடல் பரிசோதனைக்கு முன்பு குடிக்கத் தரும் பேதி மருந்துகள் பலவற்றில் அப்பொருள் இருப்பதால், “வயிறு கழுவக் குடிச்ச மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாமல் போனதோ?” என்று நேராகக் கேட்டுவிடுவது பயன் தரும். நுரையீரல் நாடியில் கடுமையான உயர் அழுத்தம், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், அண்மையில் வந்த மாரடைப்பு அல்லது நிலையற்ற நெஞ்சுவலி என்பன இருந்தால் இதய நிபுணரின் கருத்தைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மருந்து பொதுவாக மிகவும் பாதுகாப்பானது. 2006இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில் 23,188 வயிற்றுப் பரிசோதனைகளைத் திரும்பிப் பார்த்தபோது இறப்பு எதுவும் இருக்கவில்லை; கடுமையான எதிர்விளைவுகள் இரண்டு மட்டுமே பதிவாகியிருந்தன. எனினும் ஸ்கான் அறையில் அட்ரினலினும் ஒட்சிசனும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கவேண்டும். பரிசோதனை முடிந்தபின் நோயாளி அரை மணி நேரம் வெளி வாங்கிலே அமர்ந்திருக்கவேண்டும். அரிதானது என்பதால் ஆயத்தத்தைக் குறைத்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை.

இரண்டாவது படி: நோயாளியை ஆயத்தப்படுத்துதல்

நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு போதுமானது. குடலில் வாயு குறைந்தால் ஈரலின் இடது பகுதி நன்றாகத் தெரியும் என்பதே இதன் நோக்கம். சலரோக மருந்தோ இன்சுலினோ எடுப்பவருக்குக் காலையின் முதல் நேரத்தை ஒதுக்குங்கள். நெடுந்தீவிலிருந்தோ வேறு தீவுகளிலிருந்தோ படகும் பேருந்தும் மாறி வருபவர் என்றால் பிற்பகலில் நேரம் கொடுத்து, காலையில் இலேசாகச் சாப்பிடச் சொல்லலாம். பட்டினியால் சீனி இறங்கி மயங்கும் ஒருவரிடமிருந்து நல்ல படம் எடுக்க முடியாது.

மூச்சுப் பயிற்சியை மருந்து ஏற்றுவதற்கு முன்பே கற்றுக்கொடுங்கள். “அம்மா, மெல்ல மூச்சை உள்ளுக்கு இழுங்கோ… அப்பிடியே பிடியுங்கோ… இப்ப விடுங்கோ” என்று மூன்று நான்கு முறை ஒத்திகை பார்த்தால், முக்கியமான அந்த அரை நிமிடத்தில் ஈரல் திரையை விட்டு ஓடாது. பலர் ஆழமாக மூச்சை இழுத்துவிட்டுப் பிடிக்க முடியாமல் இருமுவார்கள். அளவாக மூச்செடுத்து மெதுவாகச் சுவாசிப்பதே பெரும்பாலும் போதும்.

கனியூலாவை இடது முழங்கை மடிப்பில் போடுவது வசதி. வலப்பக்கத்தில் ஸ்கான் செய்பவரின் கை இருக்கும். மார்பகச் சத்திரசிகிச்சை இடப்பக்கத்தில் நடந்திருந்தால் அந்தக் கையை விட்டுவிட வேண்டும். இளஞ்சிவப்பு நிறத்திலுள்ள 20 அளவுக் கனியூலா சிறந்தது, நீல நிறத்து 22 ஏற்கத்தக்கது. அதைவிட ஒடுங்கிய ஊசியினூடாக அழுத்தி ஏற்றினால் குமிழிகள் உடைந்துவிடும். கீமோதெரபியால் நாளங்கள் சுருங்கிய நோயாளிகளிடம் இதற்கே நேரம் செல்லும். அனுபவமுள்ள தாதியிடம் இப்பணியை ஒப்படையுங்கள்.

மூன்றாவது படி: மருந்தில்லாத ஸ்கான்

இந்தப் படியை அவசரமாகக் கடந்துவிடுகின்ற பழக்கம் பரவலாக உண்டு. கொழுப்பு ஈரலில் அது பெரும் தவறு. மருந்து ஏற்றிய பிறகு ஈரலைப் பார்க்கக் கிடைப்பது நான்கைந்து நிமிடங்களே. எந்தச் சாளரத்தினூடாக (அதாவது புரோப் எனும் ஸ்கான் கைக்கருவியை உடலில் எங்கே வைத்தால்) எந்தப் பகுதி தெரிகிறது என்பதை அதற்கு முன்பே அறிந்துவைத்திருக்கவேண்டும்.

நோயாளியை முதலில் மல்லாக்கவும் பின்னர் இடப்பக்கமாகச் சரித்தும் படுக்கவைத்துப் பாருங்கள். இடப்பக்கம் சரியும்போது ஈரல் விலா எலும்புக் கூட்டிலிருந்து சற்றுக் கீழே இறங்கி வரும். வலது விலா எலும்புகளுக்கு இடையால் பார்த்தால் புரோபிற்கும் ஈரலின் பின்பகுதிக்கும் இடையிலுள்ள தூரமும் குறையும். தூரத்தில் ஒவ்வொரு சென்ரிமீற்றர் குறைந்தாலும் கொழுப்பு ஈரலில் அது பெரிய ஆதாயமே. ஈரலின் எட்டுப் பகுதிகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்த்து, எவை தெளிவாகத் தெரிகின்றன, எவை மங்குகின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 7ஆம், 8ஆம் பகுதிகளின் உதரவிதானத்தை ஒட்டிய உச்சிகளும், 1ஆம் பகுதியும், வாயு மறைக்கும் இடது ஓரமுமே பெரும்பாலும் தப்பிவிடும் இடங்கள்.

இதே வேளையில் கொழுப்பு படியாமல் விடுபட்ட திட்டுகளையும் தேடிக் குறியுங்கள். பித்தப்பைக்கு அருகிலும், ஈரல் வாயினாளத்தின் முன்னால் 4ஆம் பகுதியிலும், அரிவாள் இணையத்தின் ஓரத்திலும் அவை வழக்கமாகக் கறுப்பாகத் தெரியும். நிலவரைபடத்தில் எல்லை வரைந்ததுபோல் கோணலான ஓரம் இருக்கும். உள்ளே செல்லும் குருதிக் குழாய் விலகாமல், நசுங்காமல், நேராகச் செல்லும். ஆனால் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்பதற்காக எதையும் விடுபட்ட திட்டு என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். பரவல் கட்டியைச் சுற்றியுள்ள ஈரலிலும் கொழுப்புப் படியாமல் போவதுண்டு. அப்படிப்பட்ட திட்டின் நடுவே கட்டி ஒளிந்திருக்கலாம். மருந்து ஏற்றிய பின்பே விடை தெரியும்.

நான்காவது படி: இயந்திரத்தை அமைத்தல்

குமிழிகளைக் காட்டும் கொன்ட்ராஸ்ட் நிலைக்கு மாறியதும் திரையை இரண்டாகப் பிரித்து, ஒருபக்கம் சாதாரணப் படமும் மறுபக்கம் குமிழிப் படமும் வருமாறு வையுங்கள். எம்.ஐ. என்று திரையின் மூலையில் காட்டப்படும் பொறிமுறைச் சுட்டி 0.1இற்குக் கீழே இருக்கவேண்டும். அது ஏறினால் குமிழிகள் உடையும். மிகவும் இறங்கினால் கொழுப்பு ஈரலின் ஆழத்தை ஒலி எட்டாது. ஆழமான கட்டிக்காகச் சிறிது உயர்த்தவேண்டியிருந்தால், அதே தளத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருக்காமல் இடையிடையே மட்டும் பாருங்கள். போகஸ் பார்க்கவேண்டிய இடத்தின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கட்டும். ஊடுருவல் கூடிய குறைந்த அதிர்வெண்ணைத் தெரிவு செய்யுங்கள்.

மருந்து ஏற்றுவதற்கு முன் குமிழிப் படம் ஏறத்தாழக் கறுப்பாக இருக்கவேண்டும். உதரவிதானம் போன்ற வலிய எதிரொலிகள் மட்டும் மெல்லத் தெரியலாம். வெளுத்த கொழுப்பு ஈரலின் எதிரொலியை இயந்திரம் முழுவதும் நீக்க முடியாமல் மேற்பகுதியில் சாம்பல் நிறம் மிஞ்சுவது இங்கு அடிக்கடி நிகழ்வது. படத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கெயினைக் குறைத்து அதை அடக்குங்கள். அடங்காவிட்டால் அந்தப் படத்தைப் பத்து வினாடி பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்து ஏற்றியபின் அங்கே தெரியும் வெளிச்சத்தில் எது குமிழி, எது பழைய மிச்சம் என்பதை அப்பதிவே சொல்லும்.

ஐந்தாவது படி: மருந்தைக் கலந்து ஏற்றுதல்

25 மில்லிகிராம் தூள் உள்ள குப்பியில் 5 மில்லிலீற்றர் சேலைனைச் செலுத்தி, 20 வினாடிகள் நன்றாகக் குலுக்குங்கள். பால் போன்ற வெண்மை வரவேண்டும். கலந்த மருந்தை ஆறு மணி நேரத்துள் பயன்படுத்தலாம். ஆனால் குமிழிகள் மேலே மிதந்துவிடுவதால் ஊசியில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் மீண்டும் கலக்கவேண்டும். எடுத்துவைத்து ஆறப்போடவும் கூடாது.

வழக்கமான அளவு 2.4 மில்லிலீற்றர். அதை ஏற்றியவுடன் 5 முதல் 10 மில்லிலீற்றர் சேலைனைத் தொடர்ந்து செலுத்தவேண்டும். மும்முனைத் திருகியைப் பயன்படுத்தினால் மருந்து நேர்வழியிலும் சேலைன் பக்கவழியிலும் செல்லட்டும். வளைவில் திரும்பும்போது குமிழிகள் உடைவது இதனால் குறையும். சேலைன் தொடங்கும் கணத்திலேயே திரையின் மணிக்கூட்டை அழுத்துங்கள்.

கொழுப்பு ஈரல் என்றதும் மருந்தின் அளவைக் கூட்டத் தோன்றும். குமிழிகளும் ஒலியை விழுங்கும் என்பதை மறக்கக்கூடாது. மேற்பகுதியில் அளவுக்கு மீறிக் குமிழிகள் நிறைந்தால் ஆழப்பகுதி மேலும் இருண்டு போகும். என் கருத்தில், முதலில் வழக்கமான அளவைக் கொடுத்து, பிந்திய கட்டத்தில் ஆழப்பகுதி ஒளிர்கிறதா என்று பார்த்துவிட்டு, தேவையானால் இரண்டாவது முறை கூட்டுவதே முறை. பழைய இயந்திரங்களில் மட்டும் 4.8 மில்லிலீற்றர் வரை தேவைப்படலாம்.

ஆறாவது படி: மூன்று கட்டங்களையும் வாசித்தல்

நாடிக் கட்டம் 10 முதல் 20 வினாடிகளுக்குள் தொடங்கி 30 முதல் 45 வினாடிகள் வரை நீடிக்கும். சந்தேகத்துக்குரிய திட்டு ஒன்று முன்பே தெரிந்திருந்தால் புரோபை அதன்மேல் அசையாமல் வைத்து, முதல் 60 வினாடிகளையும் முழுவதுமாகப் பதிவு செய்யுங்கள். பெருங்குடலிலிருந்து பரவிய கட்டிகள் பெரும்பாலும் ஓரத்தில் வளையமாக ஒளிரும். மார்பகம், சிறுநீரகம், நாளமில்லாச் சுரப்பிக் கலங்கள், தோல் புற்றுநோயான மெலனோமா ஆகியவற்றிலிருந்து வந்தவை முழுவதுமாகவே பளிச்சென்று ஒளிர்வதுண்டு. எவ்வாறு ஒளிர்ந்தாலும் அது அறிமுகமே. தீர்ப்பு பின்னால்தான் வருகிறது.

வாயினாளக் கட்டம் ஏறத்தாழ இரண்டாவது நிமிட முடிவு வரை. பரவல் கட்டிகள் பெரும்பாலும் 60 வினாடிகளுக்கு முன்பே வடியத் தொடங்கிவிடும். இரண்டு நிமிடங்களுக்குள் முற்றாகக் கறுத்துவிடும். ஈரலில் தோன்றும் முதல்நிலைப் புற்றுநோயான ஹெப்பற்றோமா இதற்கு மாறாக 60 வினாடிகள் கடந்த பின் மெதுவாக, இலேசாகவே வடியும். நாளமில்லாச் சுரப்பிக் கலப் பரவல்களில் சில தாமதித்து வடிவதால், அந்த நோயாளியை அவசரப்பட்டு எழுப்பிவிடக்கூடாது.

பிந்திய கட்டம் இரண்டு நிமிடங்களிலிருந்து குமிழிகள் தீரும் வரை, அதாவது நான்கு முதல் ஆறு நிமிடங்கள் வரை. பரவலைத் தேடுவதற்கு இதைவிடச் சிறந்த வேளை இல்லை. சாதாரண ஸ்கானில் கண்ணுக்கே தெரியாதிருந்த கட்டிகளும் இப்போது கரும்புள்ளிகளாக வெளிவரும். முன்பே தாளில் குறித்த வரிசைப்படி ஈரல் முழுவதையும் மெதுவாகத் தடவிச் செல்லுங்கள். ஒவ்வொரு தடவலையும் பதிவு செய்து, தடவல்களுக்கு இடையே படத்தை உறையவைத்துக் குமிழிகளைக் காப்பாற்றுங்கள். தோலுக்கு அருகிலுள்ள சிறு புள்ளிகளுக்கு, கொன்ட்ராஸ்ட் வசதியுள்ள நேர்முனைப் புரோபை மாற்றிப் பார்ப்பது நல்லது. முதல் நிமிடத்தின் அழகான ஒளிர்வைக் கண்டு மயங்கி, மூன்றாவது நிமிடத்தில் புரோபை எடுத்துவிடும் அவசரம் இந்தப் பரிசோதனையின் பெரும் பகை. கூடத்தில் இன்னும் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். இருந்தும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களை யாருக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கரும்புள்ளி ஒன்று புதிதாகக் கிடைத்தால், அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு, பழைய குமிழிகள் தீரும் வரை சுமார் பத்து நிமிடங்கள் பொறுத்து, இரண்டாவது முறை மருந்து ஏற்றுங்கள். இம்முறை அப்புள்ளியின் மேல் புரோபை வைத்து நாடிக் கட்டத்தைப் பாருங்கள். குப்பியில் 5 மில்லிலீற்றர் இருப்பது இதற்கும் போதும்.

கொழுப்பு ஈரல் ஏமாற்றும் இடங்கள்

முதல் ஏமாற்று, போலி வடிதல். ஆழத்தில் ஒலி வலுவிழப்பதால் ஈரலின் பின்பகுதி தானாகவே கறுத்துத் தெரியும். அங்குள்ள எதுவும் வடிந்ததுபோல் தோன்றும். ஒரு கரும்பகுதியை ஒப்பிடும்போது அதே ஆழத்திலுள்ள அயல் ஈரலோடு ஒப்பிடவேண்டும், மேலே பளிச்சென்று இருக்கும் ஈரலோடு ஒப்பிடக்கூடாது. அதே மட்டத்தில் செல்லும் குருதிக் குழாய்களும் சேர்ந்து மறைந்திருந்தால் அது ஒலியின் குறை. குழாய்கள் ஒளிர்ந்தபடி இருக்க, வட்டமான ஓரிடம் மட்டும் கறுத்திருந்தால் அது வடிதல். ஐயம் தீராவிட்டால் விலா எலும்பிடைச் சாளரத்தினூடாக வேறு திசையிலிருந்து பாருங்கள்; உண்மையான கட்டி எத்திசையிலிருந்தும் தன் இடத்திலேயே இருக்கும், நிழல் இடம் மாறும்.

ஒரே தளத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அங்குள்ள குமிழிகள் உடைந்து, அந்த இடம் மட்டும் கறுத்துப்போகும். புரோபைச் சற்று நகர்த்தி, சில வினாடிகள் பொறுத்துத் திரும்பி வந்தால் புதுக் குருதி வந்து ஒளிர்ந்திருக்கும். கட்டியாயின் ஒளிராது.

கொழுப்பு படியாத திட்டும், கொழுப்பு மட்டும் தனியாகத் திரண்ட திட்டும் மூன்று கட்டங்களிலும் அயல் ஈரலைப் போலவே ஒளிரும். சாதாரணப் படத்தில் அவ்வளவு பயமுறுத்திய கரும்பகுதி, குமிழிப் படத்தில் இருந்த இடமே தெரியாமல் மறைந்துபோவதைக் காண்பது இந்தத் தொழிலில் கிடைக்கும் பெரும் நிறைவுகளில் ஒன்று. ஹீமான்ஜியோமா ஓரத்தில் முடிச்சு முடிச்சாக ஒளிரத் தொடங்கி உள்நோக்கி நிரம்பி, பிந்திய கட்டத்திலும் ஒளிர்ந்தபடி இருக்கும். நீர்க்கட்டி எக்கட்டத்திலும் ஒளிராது. தொடக்கத்திலிருந்தே கறுப்பாக இருப்பதை வடிதல் என்று எழுதிவிடக்கூடாது.

யாழ்ப்பாணத்தில் மறக்கவே கூடாத இன்னொன்று சீழ்க்கட்டி. கள் அருந்தும் ஆண்களிடம் அமீபாவால் வரும் ஈரல் சீழ்க்கட்டி நமது பகுதிக்குப் புதிதன்று. சீழின் நடுப்பகுதி ஒளிராது. சுற்றியுள்ள அழற்சி வளையம் நாடிக் கட்டத்தில் ஒளிர்ந்து, பின்னர் வடியவும் கூடும். பார்வைக்கு அது நடுவே அழுகிய பரவல் கட்டியைப் போலவே இருக்கும். காய்ச்சல், வலது விலாவின் கீழ் நோவு, வெண்குருதிக் கலங்களின் ஏற்றம், குடிப்பழக்கம் ஆகியவற்றைக் கேட்காமல் திரையை மட்டும் பார்த்து முடிவெழுதுவது ஆபத்தானது. காசநோயின் சிறு கட்டிகளும் இவ்வாறு வடிந்து குழப்பக்கூடும்.

சில சென்ரிமீற்றர் அளவான கட்டிகளில் இந்த ஸ்கான் நம்பத்தகுந்தது. ஆனால் அரைச் சென்ரிமீற்றரைவிடச் சிறியவற்றையும், 10 சென்ரிமீற்றருக்கும் ஆழத்தில் கிடப்பவற்றையும் கொழுப்பு ஈரலில் கண்டுபிடிக்கும் என்று உறுதி கொடுக்க முடியாது.

அறிக்கையும் அடுத்த முடிவும்

அறிக்கையில் கொழுப்பின் தரம், மருந்தின் பெயரும் அளவும், ஏற்றிய தடவைகள், பிந்திய கட்டத்தில் எத்தனை நிமிடம் வரை பார்க்கப்பட்டது என்பவற்றை எழுதுங்கள். ஒவ்வொரு கட்டியின் பகுதி எண், அளவு, ஒளிர்ந்த விதம், வடியத் தொடங்கிய வினாடி ஆகியனவும் இருக்கவேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் கருதுவது ஒன்று உண்டு: எந்தப் பகுதிகளைப் பார்க்க முடியவில்லை என்பதைப் பெயர் குறித்து எழுதவேண்டும். “பார்க்கக்கூடிய பகுதிகளில் வடிதல் எதுவும் இல்லை, 7ஆம் பகுதியின் உச்சியும் 8ஆம் பகுதியின் பின்புறமும் கொழுப்பினால் போதிய அளவு ஒளிரவில்லை” என்ற வாக்கியம் சிகிச்சை செய்பவருக்கு நேர்மையான வழியைக் காட்டும். கட்டி எதுவும் இல்லை என்று பொதுவாக எழுதுவது, தொடக்கத்தில் பார்த்த அந்த இரண்டாவது வரியையே வேறு மருந்துடன் மீண்டும் எழுதுவதாக முடியும்.

பார்க்க முடியாத பகுதி பெரிதாக இருந்தாலோ, ஈரலை வெட்டியெடுக்கும் சத்திரசிகிச்சை திட்டமிடப்பட்டிருந்தாலோ எம்.ஆர்.ஐ. தேவை. இழையத்தில் நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் டிஃபியூஷன் படமும் ஈரல் கலங்கள் உள்வாங்கும் மருந்தும் சேர்ந்த எம்.ஆர்.ஐ., கொழுப்பு ஈரலில் சிறு கட்டிகளைக் காண்பதில் குமிழி ஸ்கானைவிட வல்லது. குமிழி ஸ்கானின் வலிமை வேறிடத்தில் உள்ளது: எம்.ஆர்.ஐ.யிலோ சி.ரி.யிலோ ஐயத்துக்கிடமாகத் தெரிந்த ஒன்றுக்கு உடனே விடை சொல்லவும், சாதாரண ஸ்கானில் தெரியாத கட்டியைக் குமிழிகளின் துணையோடு கண்டு ஊசியால் இழையம் எடுக்கவும் அது உதவும். சிகிச்சையை மாற்றப்போகும் முடிவாயின், அது முதற்கட்டி எதுவென்று தெரிந்த நோயாளியாக இருந்தாலும், இழையப் பரிசோதனையின்றி நகராமல் இருப்பதே பெரும்பாலும் சரி.

முடிவை நோயாளியிடம் சொல்லும்போது அறையில் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். “ஈரலிலை கொழுப்பு இருக்கு. அது சில இடங்களைப் பார்க்க விடேல்லை. பார்த்த இடங்களிலை ஒண்டும் இல்லை. பார்க்க முடியாத இடத்தை எம்.ஆர்.ஐ.யிலை பார்ப்பம்” என்று சொன்னால் எவருக்கும் விளங்கும், பொய்யான நம்பிக்கையும் தேவையற்ற பயமும் அதில் இல்லை. மணிக்கூட்டுடன் பதிவு செய்த காணொளிகளை ஓர் இறுவட்டிலே எழுதி அவர் கையில் கொடுத்து, மூன்று மாதம் கழித்து எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் அதையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். அடுத்ததாகப் புரோபைப் பிடிப்பவர் அதே சாளரத்தில், அதே வினாடியில், அதே இடத்தை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.